உப்புக் காற்றில் உலோக இணைப்புகள்: பாம்பன் பாலமும் உராய்வு வெல்டிங்கும்

ஓர் உலோகத் துண்டு எவ்வளவு பாரம் தாங்குமோ அதில் பாதியைக்கூட ஏற்றாமல் அதை உடைத்துவிடலாம். பாரத்தை ஒரே மூச்சில் வைக்காமல், ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, லட்சக்கணக்கான முறை செய்தால் போதும். முதலில் ஏதோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் அது ஒரு துளி நீளும். மிச்சமிருக்கும் உலோகத்தால் அன்றாடப் பாரத்தையே தாங்க முடியாத நிலை வரும்போது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் துண்டு முறியும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் ‘ஃபட்டீக்’ என்பார்கள். சோர்வால் முறிந்த துண்டின் முகத்தில் இரண்டு பகுதிகள் தெரியும். விரிசல் மெல்ல நகர்ந்த இடம் வழவழப்பாகவும், வரிவரியாகவும் இருக்கும். கடைசியில் ஒரே நொடியில் கிழிந்த இடம் சொரசொரப்பாக இருக்கும்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் கடலைக் கடக்கும் ரயில் பாலத்தில் இந்த ஏற்ற இறக்கம் எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம் 2.08 கிலோமீட்டர் நீளமுள்ளது. 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்களும், கப்பல் போவதற்காக மேலே தூக்கப்படும் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணும் அதில் உண்டு. ஒரு ரயில் பெட்டி ஏறத்தாழ 23 மீட்டர். பெட்டியின் எடை முழுவதும் இரு முனைகளுக்கு அருகிலுள்ள சக்கரத் தொகுதிகளில்தான் இறங்குகிறது. அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் சேரும் இடம், ஒரு கண்ணைத் தாங்கும் 18.3 மீட்டர் கர்டரின் (உத்திரத்தின்) நடுவில் வரும்போது கர்டர் நன்றாக வளையும். ஒரு பெட்டியின் நடுப்பகுதி அங்கே வரும்போது சக்கரங்கள் தூண்களின் பக்கம் ஒதுங்கிவிடுவதால் கர்டர் ஏறக்குறைய நிமிர்ந்துவிடும். ஆகவே 22 பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் போனால் ஒரு கர்டருக்கு ஏறத்தாழ 22 சுற்றுகள். நாளொன்றுக்கு 20 ரயில்கள் என்று வைத்துக்கொண்டால் 440 சுற்றுகள்; ஆண்டுக்கு 1.6 லட்சம், நூறு ஆண்டுகளுக்கு 1.6 கோடி. வெல்டிங் இணைப்புகளின் சோர்வு வலிமையை உலகெங்கும் 20 லட்சம் சுற்றுகளை அளவுகோலாக வைத்துத்தான் குறிக்கிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி அந்த 20 லட்சம் பன்னிரண்டரை ஆண்டுகளில் வந்துவிடும்.

இந்தத் துறை பிறந்ததே ரயிலால்தான். 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் அருகே ஒரு எஞ்சினின் அச்சு முறிந்து ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு, பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகுஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பல ஆண்டுகள் சோதனை செய்தார். தகைவை, அதாவது உலோகத்தின் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசையை, குறைத்தால் ஆயுள் கூடுகிறது என்பதோடு, எஃகில் இன்னொன்றையும் அவர் கண்டார்: தகைவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் அச்சு முறிவதில்லை. இதைச் சோர்வு எல்லை என்பார்கள். வழவழப்பாகக் கடைந்த எஃகுத் துண்டில் அது இழுவலிமையில் பாதி அளவுக்கு இருக்கும்.

அலுமினியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. தகைவைக் குறைக்கக் குறைக்க ஆயுள் நீளும். ஆனால் தகைவையும் ஆயுளையும் காட்டும் வரைபடத்தின் கோடு எந்த இடத்திலும் படுத்துவிடாது, இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அலுமினியத்தின் சோர்வு வலிமையைச் சொல்லும்போது இத்தனை சுற்றுகளுக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். 6061-டி6 என்ற பழக்கமான கலவையின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். 50 கோடி சுற்றுகளில் அதன் சோர்வு வலிமை சுமார் 97 மெகாபாஸ்கல். இதுவும் வெல்டிங் எதுவும் இல்லாத, மெருகேற்றிய துண்டுக்கு, உலர்ந்த காற்றில் எடுத்த அளவு.

உலர்ந்த காற்று என்பது இராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்காத பொருள். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையிலுள்ள அந்தப் பெரிய வேறுபாடு இங்கேதான் அழிகிறது. சுற்றுகள் ஏறும்போது உலோகத்தின் மேற்பரப்பில் நுண்ணிய வழுக்கல் படிகள் உண்டாகும். ஒவ்வொரு படியும் மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தைக் கிழித்துப் புது உலோகத்தை வெளியே காட்டும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் புது உலோகத்தை அரிக்கும். அரிப்பு ஒரு குழியைப் பறிக்கும். குழியின் அடியில் தகைவு குவியும். குழியிலிருந்து விரிசல் கிளம்பும். அரிப்பும் சுமையும் தனித்தனியே செய்வதைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து செய்யும் சேதம் அதிகம். கடல்நீரில் பாதுகாப்பில்லாமல் விடப்பட்ட எஃகுக்குச் சோர்வு எல்லையே இல்லாமல் போய்விடுகிறது. அதன் கோடும் அலுமினியத்தின் கோட்டைப் போலவே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதில் சோதனைக்கூடங்களை ஏமாற்றும் ஒரு நுட்பமும் இருக்கிறது. சோர்வுச் சோதனையை வேகமாக முடிப்பதற்காக நொடிக்குப் பத்து, இருபது சுற்றுகள் ஓட்டுவது வழக்கம். அரிப்புக்கு நேரம் வேண்டும். வேகமாக ஓட்டினால் உப்புத் தன் வேலையைச் செய்வதற்குள் சோதனை முடிந்துவிடும். பாலத்தின்மேல் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே நீண்ட நேரம் கிடைக்கிறது. அந்த இடைவெளி முழுவதும் கர்டர் ஈர உப்பில் ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

பாம்பனில் உப்பு இரண்டு பக்கமும் வருகிறது. தீவுக்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடகடலின் நீர்த்திவலையும், சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலின் நீர்த்திவலையும் பாலத்தில் படிகின்றன. தண்டவாளமும் கர்டரும் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அரிப்பு மிகுந்த இடம் இதுதான் என்று ரயில்வேயும் செய்தித்தாள்களும் பல காலமாகச் சொல்லி வருகின்றன. தரவரிசை எப்படியிருந்தாலும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் கடல் அரிப்புச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது காரணம் இல்லாமல் அல்ல. 1948இல் நேருவால் அடிக்கல் நாட்டப்பட்டு, அழகப்பச் செட்டியாரின் நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்த நிறுவனம் அது. சோதனை முறை எளியது. உலோகத் தகட்டை எடைபோட்டு, கடலைப் பார்த்த சட்டத்தில் சாய்த்து மாட்டிவிடுவார்கள். மாதங்கள் கழித்து எடுத்து, நல்ல உலோகம் கரையாதபடி துருவை மட்டும் அமிலத்தில் நீக்கி, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடையிலிருந்து ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் அரிக்கிறது என்று கணக்கு வரும். சோர்வைப் பொறுத்தவரை இந்தச் சராசரி மட்டும் போதாது. தகடு முழுவதும் சீராக 50 மைக்ரான் தேய்வதைவிட, ஒரே இடத்தில் 50 மைக்ரான் ஆழக் குழி விழுவது பாலத்துக்குக் கெடுதல்.

பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அது முழுக்க ரிவெட் அடித்த பாலம். 1964 டிசம்பர் 22, 23 இரவில் வந்த புயலில் அதன் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன, இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்தியது. தனுஷ்கோடியை அழித்த அந்த இரவுதான் பாலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் பொறியியல் பார்வையில் அது ஒரே அடியில் நிகழ்ந்த அளவுமீறிய சுமை. கப்பலுக்காகத் திறந்து மூடும் ஷெர்சர் கண் அந்தப் புயலையே தாங்கி நின்றது. அதை ஓய்வுக்கு அனுப்பியது புயல் அல்ல, வயதும் துருவும். 2018 டிசம்பரில் அந்தக் கண்ணில் பழுது தெரிந்ததும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சரிசெய்த பின் மறுபடி ஓடிய ரயில்கள் 2022 டிசம்பர் 23 முதல் முற்றிலும் நின்றன. அதற்கு முன்பே, சென்னை ஐ.ஐ.டி. பொருத்திய உணரிகள் பாலத்தின் அசைவுகளை அளந்துகொண்டிருந்தன; ரயில்கள் ஊர்ந்துதான் கடந்தன.

ரிவெட் இணைப்பின் குணம் தனி. ஒரு தகட்டில் துளை போட்டால், துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது. எனவே ரிவெட் பாலங்களில் விரிசல் பெரும்பாலும் துளை விளிம்பில்தான் தொடங்கும். ஆனால் பல தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்திருப்பதால், ஒரு தகட்டில் தொடங்கிய விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். அடுத்த தகடு பாரத்தை ஏற்றுக்கொள்ளும். இது திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு. இதன் மறுபக்கம், தகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கு. உப்புநீர் அதற்குள் புகுந்தால் உலர்வதே இல்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடுக்குக்குள் வளரும் துரு தகடுகளை நெம்பிப் பிரித்து ரிவெட் தலைகளை இழுக்கும். பெயிண்ட் தூரிகை அங்கே எட்டாது.

புதிய பாலத்தின் இணைப்புகள் வெல்டிங் செய்யப்பட்டவை. இடுக்குகள் இல்லை, தண்ணீர் தேங்க இடமில்லை, பெயிண்ட் எல்லா இடத்துக்கும் போகும். உப்பைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம். சோர்வைப் பொறுத்தவரை ஒரு விட்டுக்கொடுப்பு: வெல்டிங் செய்த கர்டர் ஒரே உலோகமாகிவிடுவதால், ஓரிடத்தில் தொடங்கும் விரிசல் நிற்பதற்கு ஓரம் எதுவும் இல்லை. ஒரு தகட்டிலிருந்து வெல்டு வழியாக அடுத்த தகட்டுக்கு அது நடந்துபோகும்.

இதற்கு ஐரோப்பாவின் வட கடலில் நடந்ததைவிடக் கொடுமையான சான்று கிடைக்காது. 1980 மார்ச் 27 அன்று நார்வேயின் எண்ணெய் வயலில் தொழிலாளர் தங்கும் மிதவை மேடையாக இருந்த ‘அலெக்ஸாண்டர் கீலாண்ட்’ புயலில் கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். மேடையின் கால்களை இணைத்த குறுக்குக் குழாய் ஒன்று சோர்வால் முறிந்ததே காரணம். நீருக்கடி ஒலிவாங்கி ஒன்றை மாட்டுவதற்காக அதில் ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகி, 6 மில்லிமீட்டர் வெல்டால் சுற்றி ஒட்டியிருந்தார்கள். சுமை தாங்கும் வேலையே இல்லாத அந்த வெல்டில்தான் விரிசல் தொடங்கியது. உடைந்த துண்டை ஆராய்ந்தபோது விரிசலின் உள்முகத்தில் பெயிண்ட் படிந்திருந்தது. மேடை கடலுக்குப் போகுமுன், கட்டும் தளத்திலேயே விரிசல் இருந்திருக்கிறது. அதற்குள் பெயிண்டும் புகுந்திருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வெல்டு ஏன் இவ்வளவு பலவீனமான இடம்? இழுத்துப் பார்த்தால் நல்ல வெல்டு தாய்த் தகட்டுக்கு இணையாகவே தாங்கும். சோர்வில் மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது வடிவம்: உருகி உறைந்த உலோகம் தகட்டின்மேல் மேடாக நிற்பதால், மேடு தகட்டைத் தொடும் ஓரத்தில் கூர்மையான மூலை உண்டாகி அங்கே தகைவு குவிகிறது. இரண்டாவது, அந்த ஓரத்திலேயே ஸ்லாக் துணுக்கு, சிறு பள்ளம் போன்ற நுண்பழுதுகள் பிறவியிலேயே இருக்கும். ஆகவே விரிசல் தோன்றுவதற்கு எடுக்கும் காலம் ஏறக்குறைய மிச்சமே இல்லாமல் போகிறது. மூன்றாவது, உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது பக்கத்து உலோகத்தை இழுப்பதால் அங்கே இழுவைத் தகைவு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இதன் விளைவாக, வலிமை கூடிய எஃகை வாங்கிப் போட்டாலும் வெல்டின் சோர்வு வலிமை கூடுவதில்லை. விலை கூடிய எஃகில் போட்ட வெல்டும் சாதாரண எஃகில் போட்ட வெல்டும் ஒரே வயதில் விரிசல் விடும். இதை நம்பப் பல வடிவமைப்பாளர்களுக்கு மனம் வருவதில்லை.

வெல்டின் ஆயுள் தகைவின் ஏற்ற இறக்கத்தோடு மும்மடிக் கணக்கில் போகிறது. ஏற்ற இறக்கம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. 20 சதவீதம் குறைந்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒரு நேரிணைப்பு வெல்டுக்கு, பட்டறையில் சமதளத்தில் வைத்துச் செய்திருந்தால், 20 லட்சம் சுற்றுகளில் எஃகுக்கு 90 மெகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 36. மேட்டைக் கிரைண்டிங் செய்து தகட்டோடு சமமாக்கினால் 112, 45. ஒரு கிரைண்டர் கல் தரும் இந்த 25 சதவீதம், மும்மடிக் கணக்கில் ஆயுளை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. அலுமினியத்தின் எண் எஃகின் எண்ணில் ஐந்தில் இரண்டு பங்காக இருப்பதற்கும் காரணம் உண்டு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதே தகைவுக்கு அது மூன்று மடங்கு நீளும். விரிசலின் நுனியும் அந்த அளவுக்கு வாயைத் திறக்கும்.

புதிய பாம்பன் பாலத்தில் வெல்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட கவனம் இந்தப் பின்னணியில் புரியும். வெல்டுகள் பல கோணங்களில் ஒலியலை செலுத்தும் மீயொலிச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை ஆய்வு செய்தது. எஃகின்மேல் முதலில் துத்தநாகம் தெளித்து, அதன்மேல் எபாக்சி, அதற்கும் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு என மூன்று அடுக்குகள். பெயிண்ட் என்றால் அழகு வேலை என்ற எண்ணம் பொதுவானது. இங்கே அது வலிமைக் கணக்கின் ஓர் உறுப்பு. பூச்சு இருக்கும்வரை எஃகுக்குச் சோர்வு எல்லை என்ற தரை உண்டு. பூச்சு உரிந்த இடத்தில் அந்தத் தரை இல்லை. பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிபட்டு எஃகைக் காக்கும். விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி மாட்டுவதும் இதே கணக்கில்தான். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டரும், தூக்குக் கண்ணில் 50 கிலோமீட்டரும் வேகம் அனுமதித்தார். வேகம் குறைந்தால் அதிர்வால் கூடும் தகைவும் குறையும். மும்மடிக் கணக்கில் சிறு குறைவும் ஆயுளுக்கு வரவுதான்.

இனி அலுமினியம். இக்கரையில் அதற்கு வேலை இல்லாமல் இல்லை. மண்டபத்தில் உள்ள கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட்கள் அலுமினிய உடல் கொண்டவை. மரைக்காயர்பட்டினக் கரையிலும் மணல்திட்டுகளிலும் ஏறி இறங்கும் வாகனத்துக்கு எடை குறைவாக இருந்தே ஆகவேண்டும். அதிவேக இடைமறிப்புப் படகுகளும் அப்படியே. அலையில் அடிபட்டு ஓடும் வேகப்படகுக்கு ஒவ்வொரு அலையும் ஒரு சுற்று. ரயில் பாலம் ஓராண்டில் காணும் சுற்றுகளைப் படகின் அடித்தகடு சில வாரங்களில் கண்டுவிடும்.

அலுமினியத்தை உருக்கி வெல்டிங் செய்வது தொல்லை பிடித்த வேலை. உலோகம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் உள்ள ஆக்சைடு படலம் 2,000 டிகிரிக்கும் மேலேதான் உருகும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்துக்கொண்டு, உறையும்போது பெரும்பகுதியை வெளியே தள்ளும். வெளியேற முடியாத வாயு குமிழாகத் தங்கும். உறையும்போது பருமனும் ஆறு, ஏழு சதவீதம் சுருங்குவதால் சில கலவைகள் சூட்டிலேயே வெடிக்கும். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் உகந்த 2000, 7000 வரிசைக் கலவைகளில் பலவற்றை வெல்டிங் செய்ய முடியாதவை என்றே நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் அவருடைய குழுவினரும் உருக்காமலே இணைக்கும் வழியைக் கண்டனர். இரண்டு தகடுகளை ஓரத்தோடு ஓரம் நெருக்கி வைத்து, கீழே கனமான எஃகுப் படுகை கொடுத்து இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். நுனியில் முளை கொண்ட எஃகுக் கருவி சுழன்றபடியே இரண்டு தகடுகளும் சேரும் கோட்டில் இறங்குகிறது. முளைக்கு மேலே, அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விட்டமுள்ள தோள், தகட்டின்மேல் அழுந்தி உராய்ந்து சூடேற்றுகிறது. 400 முதல் 500 டிகிரிச் சூட்டில் அலுமினியம் உருகாமல் களிப்பதத்துக்கு வருகிறது. மத்து கடைவதைப் போல முளை இரு பக்க உலோகத்தையும் கலக்கியபடி கோட்டின் வழியே நகர்கிறது. நிரப்புக் கம்பி வேண்டாம், காப்பு வாயு வேண்டாம், கண்ணைப் பறிக்கும் ஒளி இல்லை, புகை இல்லை. 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று அளவில் கருவியைச் சுழற்றுவது ஆய்வகங்களில் வழக்கம். இது உராய்வுக் கலக்கல் வெல்டிங். நார்வேயில் கப்பல் தளத் தகடுகளுக்கும், ஜப்பானில் ரயில் பெட்டிகளுக்கும், அமெரிக்காவில் டெல்டா ராக்கெட்டுகளின் எரிபொருள் தொட்டிகளுக்கும் 1990களிலேயே இது வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையம் அலுமினியக் கலவைகளில் இம்முறையின் சோர்வு நடத்தையை விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

கலக்கப்பட்ட மையத்தில் உலோக மணிகள் சில மைக்ரான் அளவுக்கு நுணுகிவிடுகின்றன. குமிழ் இல்லை, உறைதல் வெடிப்பு இல்லை. மேடு இல்லாததால் ஓர மூலையும் பெரிதாக இல்லை. குளிர்ந்தபின் தங்கும் எச்சத் தகைவும் உருக்கிப் போட்ட வெல்டைவிடக் குறைவு. ஆகவே நன்றாகச் செய்த உராய்வுக் கலக்கல் இணைப்பின் சோர்வு வலிமை, அதே தகட்டில் ஆர்க் வெல்டிங் செய்ததைவிடத் தெளிவாக அதிகம். மேற்பரப்பை மில்லிங் செய்து வழித்துவிட்டால் சில கலவைகளில் தாய்த் தகட்டை நெருங்குகிறது. தோள் விட்டுச் செல்லும் அரைவட்டத் தழும்புகளும் ஓரத்தில் பிதுங்கும் பிசிறும்தான் விரிசலுக்கு முதல் இடம் கொடுப்பவை. ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கை வழித்தாலே அவை போய்விடும்.

சூட்டுக்கும் ஒரு விலை உண்டு. 6061-டி6 போன்ற கலவைகள் தங்கள் வலிமையை, வெப்பப் பதப்படுத்தலில் உள்ளே படிந்த நுண்துகள்களிலிருந்து பெறுகின்றன. வெல்டின் இருபுறமும் சூடு பட்ட பட்டையில் அந்தத் துகள்கள் பெருத்து வலுவிழக்கின்றன. குறுக்கே வரிசையாகக் கடினத்தை அளந்தால் தாய்த் தகட்டில் 100க்கு மேல் இருக்கும் விக்கர்ஸ் எண், அந்தப் பட்டைகளில் 60, 70க்கு இறங்கி, நடுவில் சற்றே ஏறும். இழுத்தால் இணைப்பு அந்த மென்பட்டையில்தான் அறும். 5083 போன்ற கடல் கலவைகள் பதப்படுத்தலை நம்பாதவை. அவற்றில் இந்த இழப்பு சிறிது. படகு கட்டுவோர் 5083ஐ விரும்புவதற்கு அரிப்புத் தாங்குவதோடு இதுவும் ஒரு காரணம்.

உராய்வுக் கலக்கலின் உண்மையான எதிரி அடியில் ஒளிந்திருக்கிறது. முளை தகட்டைத் துளைத்துப் படுகையில் மோதக்கூடாது என்பதற்காக அதன் நீளத்தைத் தகட்டின் தடிப்பைவிடச் சிறிது குறைவாக வைப்பார்கள்; 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு 5.7 அல்லது 5.8. மிச்சமுள்ள இரண்டு மூன்று பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை, மேலிருந்து வரும் அழுத்தமும் கலக்கலும் சேர்த்து ஒட்டவைக்க வேண்டும். அழுத்தம் சற்றுக் குறைந்தாலோ, தகடு சற்றுத் தடித்திருந்தாலோ, அந்த அடிப்பகுதியில் இரண்டு முகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும், சேர்ந்திருக்காது. நடுவே பழைய ஆக்சைடு படலம் கோடாக நிற்கும். இதை ‘முத்த ஒட்டு’ என்று சொல்லலாம். இரண்டு முகங்களும் இறுக ஒட்டி நிற்பதால் மீயொலி அலை அதைத் தாண்டிச் சென்றுவிடும். எக்ஸ்ரே படத்தில் வராது. இழுவைச் சோதனையில்கூட இணைப்புத் தேறிவிடும். ஆனால் சோர்வில் அந்தக் கோடு முதல் சுற்றிலிருந்தே தயாராக இருக்கும் விரிசல். ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் செய்த துண்டுகள் ஒன்றுக்கு ஒன்று பல மடங்கு வேறுபட்ட ஆயுள் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைப் பிடிக்க எளிய வழி வளைவுச் சோதனை. வெல்டின் குறுக்கே ஒரு பட்டையை அறுத்து, அடிப்பக்கம் வெளியே வரும்படி வளைத்தால், ஒட்டாத கோடு வாய் திறந்துவிடும். தடுக்கும் வழிகளும் உண்டு: அடியிலும் தோள் கொண்ட இரட்டைத் தோள் கருவி, அடிப்பக்கத்தை மெல்லிசாக வழித்தெடுப்பது, அழுத்தத்தை இயந்திரமே அளந்து சரிசெய்துகொள்வது. வெல்டு முடியும் இடத்தில் முளையைத் தூக்கும்போது ஒரு துளை மிஞ்சும். அதை உபரித் துண்டில் முடித்து அறுத்துவிடுவார்கள். படுகையும் பல கிலோநியூட்டன் அழுத்தமும் தேவைப்படுவதால் இந்த வெல்டிங்கை நிற்கும் பாலத்தில் ஏறியோ, கரையேற்றிய படகின் வயிற்றிலோ செய்ய முடியாது. பட்டறையில் நீள நீளப் பலகங்களைச் செய்து கொண்டுவந்து பொருத்தலாம். பழுதுபார்ப்பது மறுபடியும் ஆர்க் வெல்டரின் கையில்தான். எஃகுக்கும் இம்முறையைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் கருவியின் விலை இன்னும் பாலம் கட்டுவோர் கைக்கு எட்டவில்லை.

உப்பு இங்கும் தன் கணக்கைச் சேர்க்கிறது. செம்பு கலந்த 2000 வரிசையில் சூடு பட்ட பட்டை தாய்த் தகட்டைவிட வேகமாக மணி எல்லைகள் வழியே அரிபடும். மென்மையான பட்டையே அரிபடும் பட்டையுமாகிவிடுகிறது. 5083இல் மக்னீசியம் நான்கு சதவீதத்துக்கு மேல் இருப்பதால், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நெடுநாள் கிடந்தால் மக்னீசியம் நிறைந்த படிவு மணி எல்லைகளில் சேர்ந்து, அங்கே கடல்நீர் வழிதேடும். சித்திரை வெயிலில் இருண்ட நிறம் பூசிய தளத்தகடு அந்தச் சூட்டை எட்டுவது அரிதல்ல. தளத்துக்கு வெளிர் நிறம் நல்லது. அலுமினியத் தகட்டை எஃகு போல்ட்டால் நேரடியாக முடுக்கினால், உப்புநீரில் அரிபடுவது அலுமினியம்தான். நடுவில் காப்பு வளையம் போடவேண்டும்.

இத்தகைய இணைப்புகளுக்கு ஆய்வு இடைவெளியைக் குறிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கையிலுள்ள கருவியால் நிச்சயமாகக் கண்டுபிடிக்கக்கூடிய மிகச்சிறிய விரிசல் எவ்வளவு, தகடு முறியும் அளவு எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்கிறார்கள். முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவுக்கு வளர எத்தனை சுற்றுகள் ஆகும் என்று கணித்து, அதில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் சோதிக்கிறார்கள். ஒருமுறை தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். உப்பில் விரிசல் வேகமாக வளர்வதால் உள்நாட்டில் சரியான இடைவெளி மண்டபத்தில் சரியாகாது. முத்த ஒட்டு இருக்கக்கூடிய இணைப்புக்குச் சுழல்மின்னோட்டக் கருவியை அடிப்பக்கத்திலிருந்து ஓட்டுவதே நம்பகமானது. அடிப்பக்கம் எட்டாத இடத்தில் அந்த இணைப்பு வராதபடி வடிவமைப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சுக்கு அடியில் துருவோ வெண்பொடியோ கசிந்து கோடாகத் தெரியும் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்க்காமல் அதன்மேலேயே புதுப் பூச்சு அடிக்கக்கூடாது. கீலாண்ட் மேடையின் விரிசலை மூடியதும் பெயிண்ட்தான்.